கோடை உழவு மானியம் உழவின் ஆழத்தையும் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தமிழக அரசின் 2025-26ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் கோடை உழவுக்கு ஹெக்டேருக்கு 2,000 ரூபாய் மானியம் அறிவிக்கப்பட்டதை, மானாவாரி நிலத்தை மட்டுமே நம்பியிருக்கும் எங்களைப் போன்றவர்கள் மனமார வரவேற்றோம். சித்திரை மாத உழவு பத்தரை மாற்றுத் தங்கம் என்று சொல்லக் கேட்டே வளர்ந்த கரிசல்காட்டில், அந்த உழவுக்கென்று அரசு பணம் ஒதுக்குவது பெரிய காரியம். ஆனால் அந்த மானியம் வழங்கப்படும் முறையும், கிராமங்களில் வாடகைக்குக் கிடைக்கும் கருவிகளும் இப்போது இருப்பதுபோலவே தொடர்ந்தால், நிலத்தின் மேல் நான்கைந்து அங்குலம் மட்டும் திரும்பத் திரும்பக் கிளறப்பட்டு, அதற்குக் கீழே உள்ள மண் ஆண்டுக்கு ஆண்டு இறுகிக்கொண்டே போகும். இதை வேளாண்மைத் துறையின் கவனத்துக்கும் சக விவசாயிகளின் கவனத்துக்கும் தங்கள் நாளிதழ் வழியாகக் கொண்டுவர விரும்புகிறேன்.

கோவில்பட்டி, விளாத்திகுளம், சாத்தூர் பகுதிகளில் இன்று டிராக்டருக்குப் பஞ்சம் இல்லை. அதன் பின்னால் மாட்டும் கருவிகளுக்குத்தான் பஞ்சம். வாடகைக்கு அழைத்தால் வருவது பெரும்பாலும் ரோட்டவேட்டர், அது இல்லாவிட்டால் ஒன்பது கொத்துக் (மண்ணைக் கீறும் கொழு) கலப்பை. ரோட்டவேட்டர் ஓட்டிய நிலம் பார்வைக்கு அழகாக இருக்கும். ஒரே ஓட்டில் கட்டியில்லாமல் மாவுபோல் மண் பொடியாகிவிடுவதால், கொடுத்த காசுக்கு வேலை நடந்துவிட்டது என்ற நிறைவு நமக்கு வந்துவிடுகிறது; ஓட்டுநருக்கும் டீசல் அதிகம் செலவாவதில்லை. ஆனால் அந்தக் கருவியின் வளைந்த கத்திகள் நிமிடத்துக்கு 200 சுற்றுகள் அளவில் சுழன்று, ஒவ்வொரு சுற்றிலும் அதே நான்கைந்து அங்குல ஆழத்தில் மண்ணை அறைந்து தேய்க்கின்றன. மண்ணில் ஈரம் சற்றுக் கூடுதலாக இருக்கும்போது ஓட்டினால், கத்தி தொட்ட அடிமட்டம் பூசி மெழுகிய தரைபோல் ஆகிவிடுகிறது. அதன்மேல் இரண்டு டன் எடையுள்ள டிராக்டர் ஆண்டுக்கு மூன்று நான்கு முறை ஏறி இறங்குகிறது. அடிமண் இறுக்கம் இப்படித்தான் உண்டாகிறது.

இதை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. மழை பெய்து இரண்டு நாள் கழித்து, விரல் தடிமனுள்ள ஓர் இரும்புக் கம்பியை நிலத்தில் அழுத்திப் பார்க்கலாம். முதல் ஐந்து அங்குலம் தடையின்றி இறங்கும் கம்பி, அதற்குக் கீழே உடல் எடை முழுவதையும் போட்டாலும் நகராது. அறுவடை முடிந்த பருத்திச் செடியை வேரோடு பிடுங்கினால் இன்னும் தெளிவாகத் தெரியும். நேரே கீழே போக வேண்டிய ஆணிவேர், கைச்சாண் ஆழம்கூடப் போகாமல் பக்கவாட்டில் மடங்கித் தரைக்கு இணையாக ஓடியிருக்கும். கார்த்திகைக்குப் பிறகு மழை நின்றுவிட்டால், ஓரடிக்குக் கீழே ஈரம் இருந்தும் அதை எட்ட முடியாமல் இந்தச் செடிதான் முதலில் வாடுகிறது. பக்கத்து நிலத்துப் பருத்தி தாக்குப்பிடித்து நிற்க, நம் நிலத்துப் பருத்தி பதினைந்து நாள் முன்னதாகவே காய்ந்தால், நாம் விதையையும் மருந்தையும் குறை சொல்கிறோம்; வேரைப் பிடுங்கிப் பார்ப்பதில்லை.

கரிசல் மண் கோடையில் தானாகவே வெடித்துப் பிளப்பதால் அதற்கு ஆழ உழவு வேண்டியதில்லை என்று சொல்பவர்களும் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் அந்த வெடிப்புகள் முதல் நல்ல மழையிலேயே மூடிக்கொள்கின்றன. இரண்டு வெடிப்புகளுக்கு இடையில் இருக்கும் மண் இறுகியது இறுகியபடியே இருக்கிறது. செடியின் வேர் வெடிப்பைத் தேடிப்போய் இறங்குவதில்லை.

அடிமண் இறுக்கத்துக்கு வேளாண் பல்கலைக்கழகம் நெடுங்காலமாகப் பரிந்துரைக்கும் வழி உளிக்கலப்பை. அரை மீட்டர் இடைவெளியில் ஒரு திசையிலும், பிறகு அதற்குக் குறுக்காகவும், ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழத்துக்கு இதைக் கொண்டு உழ வேண்டும், ஹெக்டேருக்கு 12.5 டன் தொழு உரமோ மக்கிய தென்னை நார்க் கழிவோ இட வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை செய்தால் போதும். இந்தக் கலப்பை மண்ணைப் புரட்டுவதில்லை. கீழே இறங்கிய உளி முன்னே நகரும்போது இறுகிய அடுக்கு இரு பக்கமும் விரிந்து நொறுங்குகிறது. மண் உலர்ந்திருந்தால்தான் அப்படி நொறுங்கும். ஈரமான களிமண்ணில் உளி ஒரு கோடு கிழித்துவிட்டுப் போகுமே தவிர, வேறு பயன் இருக்காது. ஆகவே இந்த வேலைக்கு உகந்த காலம் கோடைதான். கோடை உழவு மானியமும் உளிக்கலப்பையும் ஒன்றோடொன்று இணைய வேண்டிய காரணமும் இதுவே.

நடைமுறை வேறாக இருக்கிறது. உளிக்கலப்பையை இழுக்க 45 குதிரைத்திறனுக்குக் குறையாத டிராக்டர் இருந்தால் நல்லது. டீசல் கூடுதலாகச் செலவாகும். ஏக்கரை முடிக்க நேரமும் கூடும். மணிக்கணக்கில் வாடகை வாங்கும் டிராக்டர் உரிமையாளர், அதே மணிக்கு அதே பணம் கிடைக்கும்போது எளிதான வேலையை விட்டுவிட்டு இயந்திரம் திணறும் வேலைக்கு ஏன் வரப்போகிறார்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விவசாயிக்கும் ரோட்டவேட்டரால் ஒருமுறை கிளறினாலும், உளிக்கலப்பையால் குறுக்கும் நெடுக்கும் உழுதாலும் ஹெக்டேருக்கு அதே 2,000 ரூபாய்தான், அதாவது ஏக்கருக்கு ஏறத்தாழ 800 ரூபாய். மானியம் பரப்பைக் கணக்கில் எடுக்கிறது, ஆழத்தை எடுப்பதில்லை. இருவருடைய கணக்கும் சேர்ந்து நிலத்தை மேலோட்ட உழவுக்கே தள்ளுகின்றன.

ரோட்டவேட்டரே கூடாது என்று நான் சொல்லவில்லை. பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை மடக்கி உழவும், பருத்தி மாரை (அறுவடைக்குப் பின் நிற்கும் காய்ந்த தண்டை) பொடித்து மண்ணில் சேர்க்கவும், இறவைத் தோட்டத்தில் காய்கறிப் பாத்திக்கு மண்ணைப் பக்குவப்படுத்தவும் அது நல்ல கருவி. மானாவாரிக் கரிசலில், அதுவும் கோடையில், அதற்கு வேலை இல்லை. மண்ணைப் பொடியாக்கிவிட்டால் முதல் மழையிலேயே மேற்பரப்பு அடைத்துக்கொண்டு, உள்ளே இறங்க வேண்டிய தண்ணீர் ஓடைக்குப் போய்விடும். கோரையும் அருகும் உள்ள நிலத்தில் நிலைமை இன்னும் மோசம். கிழங்கையும் தண்டையும் துண்டுதுண்டாக நறுக்கி நிலம் முழுக்கப் பரப்பிவிடுவதால், ஓர் ஓரத்தில் இருந்த களை அடுத்த ஆண்டு நடுக்காட்டுக்கு வந்துவிடுகிறது. சட்டி போன்ற வட்டத் தகடுகள் கொண்ட சட்டிக் கலப்பையால் எட்டு அங்குலத்துக்கு மேல் புரட்டி, பெரிய கட்டிகளாகவே வெயிலில் காயப் போட்டால், அந்தக் கிழங்குகள் உலர்ந்து சாகும். கட்டிகளைப் பற்றிக் கவலை வேண்டாம். கரிசல் கட்டி நனைந்து காய்ந்தால் தானே உதிரும் இயல்புடையது. இரண்டு கோடை மழை போதும்.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். சரிவுக்குக் குறுக்கே உழ வேண்டும் என்று தெரியாத விவசாயி இல்லை. ஆனால் எங்கள் காடுகள் பலவும் சரிவின் போக்கிலேயே நீளமாக அமைந்தவை. குறுக்கே ஓட்டினால் திருப்பங்கள் அதிகம், நேரம் அதிகம் என்பதால் நீளவாக்கிலேயே ஓட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு உழவுசாலும் ஒரு சிறு வாய்க்காலாகி மேல்மண்ணைக் கண்மாய்க்குக் கொண்டுபோகிறது. வாடகை மணிக்கணக்கில் இருக்கும்வரை, நேரம் பிடிக்கும் எந்த நல்ல முறையும் விவசாயிக்குச் சுமையாகவே இருக்கும்.

உழவோடு விதைப்பையும் சேர்த்தே பேச வேண்டும். 1901ஆம் ஆண்டிலிருந்து இயங்கிவரும் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் இந்த மண்ணுக்கென்றே வகுத்துக் கொடுத்த முறை, பருவமழைக்கு முந்தைய விதைப்பு. செப்டம்பர் இரண்டாம், மூன்றாம் வாரங்களில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, கடினப்படுத்திய (வறட்சியைத் தாங்குவதற்காக ஊறவைத்து உலர்த்திய) விதையைக் காய்ந்த மண்ணில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் இட்டுவிட்டால், சிறு தூறலுக்கு அது முளைக்காது. மண் நன்றாக நனையும் அளவு மழை பெய்தால்தான் முளைக்கும். மழைக்குப் பிறகு விதைக்கலாம் என்று காத்திருப்பவர் கரிசல் சேற்றில் கால்வைக்க முடியாமல் தவிக்கும் நாட்களும் இதனால் மிச்சமாகின்றன. இந்த முறை முழுவதும் விதை விழும் ஆழத்தை நம்பியே நிற்கிறது. கையால் வீசி, மேலே கலப்பையை ஓட்டி மூடினால், பாதி விதை ஒரு சென்டிமீட்டரில் கிடந்து முதல் தூறலில் முளைத்துக் கருகும். மீதி பத்து சென்டிமீட்டருக்குக் கீழே போய் மேலே வராமல் மடியும். ஏர் உழுத காலத்தில் உழுபவரின் பின்னே ஒருவர் நடந்து உழவுசாலில் விதை போட்டுக்கொண்டே போனதில் ஆழமும் வரிசையும் இருந்தன. மாடுகள் போனபின் அந்த ஒழுங்கும் போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவரக்கூடியது டிராக்டரால் இயங்கும் விதைப்புக் கருவிதான்.

அந்தக் கருவி ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒன்றிரண்டு இருக்கலாம். இருந்தும் விவசாயிகள் அதை நம்புவதில்லை என்றால், அதற்குக் காரணம் கருவியைப் பயிருக்கேற்ப அளவு திருத்தாமலேயே ஓட்டுவதுதான். மக்காச்சோளத்துக்கான விதைத்தட்டை (விதையை அளந்து விழச்செய்யும் தட்டு) மாற்றாமலேயே உளுந்தை விதைத்தால் ஓரிடத்தில் நான்கு விதையும், அடுத்த மூன்றடியில் ஒன்றுமில்லாமலும் போகும். அளவு திருத்துவது கடினமான வேலை அல்ல. ஓர் அடி இடைவெளியில் ஒன்பது கொத்து உள்ள கருவியின் அகலம் ஏறத்தாழ 2.7 மீட்டர், அதன் தரைச்சக்கரத்தின் சுற்றளவு 1.5 மீட்டர் என்றால், சக்கரம் ஒருமுறை சுற்றும்போது விதைக்கும் பரப்பு ஏறக்குறைய நான்கு சதுர மீட்டர். ஏக்கர் ஒன்றுக்குச் சக்கரம் 1,000 முறை சுற்ற வேண்டும். கருவியைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி, சக்கரத்தைக் கையால் 100 முறை சுற்றி, குழாய்களில் விழும் விதையை ஒரு சாக்கில் பிடித்து எடை போட்டால், ஏக்கருக்கு எட்டு கிலோ உளுந்து விதைக்க வேண்டியவருக்கு 800 கிராம் இருக்க வேண்டும். கால் மணி நேரத்துக்குள் முடியும் இந்தச் சோதனையைச் செய்துகாட்டும் ஓட்டுநரை நான் இன்னும் பார்க்கவில்லை. விதைக்கும்போது மணிக்கு நான்கைந்து கிலோமீட்டருக்கு மேல் வேகம் எடுத்தாலும், பெரிய கட்டிகளின் மேல் தரைச்சக்கரம் தாவித் தாவிச் சென்றாலும் விதை விடுபடும். கோடையில் சரியாக உழுத நிலத்தில்தான் ஆவணி, புரட்டாசியில் விதைப்புக் கருவி ஒழுங்காக ஓடும்.

வரிசையில் விதைத்தால் களையெடுப்பும் கருவியால் நடக்கும். களையெடுக்க ஆள் கிடைக்காமல் உளுந்தையும் பாசிப்பயறையும் கைவிட்டவர்கள் எங்கள் பக்கம் ஏராளம் என்பதால் இதையும் சொல்கிறேன்.

மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் 2014-15இல் தொடங்கியதிலிருந்து வேளாண் கருவி வாடகை மையங்கள் அமைக்க மானியம் வழங்கப்படுகிறது. அந்த மையங்கள் வாங்கும் கருவிகளின் பட்டியலில், மானாவாரி வட்டாரங்களைப் பொறுத்தவரை, உளிக்கலப்பையும் விதைப்புக் கருவியும் கட்டாயம் இடம்பெற வேண்டும். உளுந்து, பாசி, கம்பு, சோளம், மக்காச்சோளம் ஆகியவற்றுக்கான தட்டுகள் கருவியோடு சேர்த்தே வழங்கப்பட வேண்டும். கோடை உழவு மானியத்தை இரு நிலைகளாக்கி, உளிக்கலப்பையோ சட்டிக் கலப்பையோ கொண்டு உழுதவருக்குக் கூடுதல் தொகை தரலாம். சரிபார்ப்பது கடினம் என்ற பதில் வரக்கூடும். புதிதாக உழுத சாலில் ஒரு குச்சியைச் செருகினால் ஆழம் தெரிந்துவிடும். பரப்பைப் பார்க்க நிலத்துக்கு வரும் உதவி வேளாண் அலுவலர் அதையும் பார்க்கலாம். வாடகை ரசீதில் கருவியின் பெயரை எழுதச் சொல்வதும் எளிது. அரசே கருவிகளை வாடகைக்கு விடும்போதும் உளிக்கலப்பைக்கும் விதைப்புக் கருவிக்கும் மட்டுமாவது மணிக்கணக்கை விட்டு ஏக்கர் கணக்கில் கட்டணம் நிர்ணயித்தால், விவசாயிக்குச் செலவு முன்கூட்டியே தெரியும்.

எல்லாவற்றையும்விட அவசரமானது காலம். கரிசலில் மழைக்குப் பின் உழவுப் பதம் சில நாட்களே நிற்கும்; அதற்கு முன் ஓட்டினால் சேறு, பின் ஓட்டினால் பாறை. எல்லோருக்கும் ஒரே வாரத்தில் கருவி தேவைப்படுவதால், விண்ணப்பித்து முறை வருவதற்குள் பதம் போய்விடுகிறது. உளிக்கலப்பைக்கு உலர்ந்த மண்ணே போதும் என்பதால், அதைப் பங்குனியிலேயே ஊர் ஊராகச் சுற்றுக்கு விடலாம். விதைப்புக் கருவிகளை ஆவணி முடிவதற்குள் அளவு திருத்தித் தயாராக வைத்து, எந்த ஊருக்கு எந்த நாளில் வரும் என்ற பட்டியலை ஊராட்சி அலுவலகத்திலும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலும் ஒட்டிவைக்குமாறு வேளாண்மைத் துறையையும் வேளாண் பொறியியல் துறையையும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மானாவாரி விவசாயி ஒருவர்,
விளாத்திகுளம் வட்டம்,
தூத்துக்குடி மாவட்டம்.