தனிக்குரல் இசை நாடகத்துக்குத் தமிழ் எழுதும்போது

ஆசிரியர் அவர்கட்கு,

ஒரு குரலும் ஐந்தாறு வாத்தியங்களுமாக நடக்கும் மேற்கத்திய நவீன இசை நாடகத்தைத் தமிழில் ஆக்க விரும்பும் கொழும்பு இளங்கலைஞர்களுக்குச் சில குறிப்புகள். இசை எவ்வளவு புதுமையானாலும், சொல் விளங்காவிட்டால் சபை கைவிட்டுவிடும்.

இவ்வகைக்கு வழி திறந்தது இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் ‘பியரோ லுனேர்’ (பெர்லின், 1912): 21 கவிதைகள், ஐந்து வாத்தியக்காரர், மாற்றி மாற்றி வாசிக்கும் எட்டு வாத்தியங்கள். குரலுக்கு அவர் வைத்த விதி கடுமையானது. தாளம் எழுதியபடியே நிற்க வேண்டும். சுருதியைத் தொட்டவுடன் விட்டு ஏறவோ இறங்கவோ வேண்டும். சங்கீதம் பயின்றவர் சுருதியில் நின்று கார்வை கொடுத்து (நீட்டி) விடுவார். நாடகம் பயின்றவர் தாளத்தை விட்டுவிடுவார். முதல் இரண்டு வாரம் சுருதியே இல்லாமல், கையில் தாளம் போட்டு வசனத்தை மட்டும் சொல்லிப் பழகுவது இருவருக்கும் நல்லது.

தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. குறிலை நீட்டினால் சொல்லே மாறும்: ‘படம்’ ‘பாடம்’ ஆகும், ‘கல்’ ‘கால்’ ஆகும். கீர்த்தனையில் ஒரே வரி பல சங்கதிகளில் திரும்ப வருவதால் பொருள் தப்பாது. இங்கே வரி ஒருமுறைதான் போகும். ஆகவே நீண்ட ஸ்வரத்தை நெடிலில் வையுங்கள். முடியாதபோது ம், ன், ல் போன்ற மெய்யில் இழுங்கள். ‘படம்’ என்றால் கடைசி ‘ம்’மில். ‘பக்கம்’, ‘பட்டம்’ போன்ற சொற்களில் மெய் இரட்டிக்கும் இடத்துச் சிறு மௌனத்தை இசையமைப்பாளரே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் பாடுபவர் அதை விழுங்கிவிடுவார்.

ஒலிவாங்கியைத் தவிர்க்கலாம். ஆங்கில இசையமைப்பாளர் பீற்றர் மக்ஸ்வெல் டேவிஸின் ‘பித்துப் பிடித்த மன்னனுக்கு எட்டுப் பாட்டுகள்’ (1969) என்ற ஆக்கத்தில் மூன்றாம் ஜோர்ஜ் மன்னன் கிசுகிசுப்பிலிருந்து அலறல் வரை போகிறான். ஏழாவது பாட்டில் வயலினைப் பறித்து உடைக்கிறான். வாத்தியக்காரரில் நால்வர் கூண்டுக்குள் இருந்து வாசிக்கும் அவனது பறவைகள். குரல் பக்கத்து ஒலிபெருக்கியிலிருந்து வந்தால் அந்த உறவே அறுந்துபோகும். நம் கூத்தில் அதை நடத்தும் அண்ணாவியார் மேடையிலேயே நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

குளிரூட்டிய மண்டபத்தில் வாசிக்காமல் கிடக்கும் பாஸ் கிளாரினெற் (தாழ்ந்த ஒலியுள்ள ஊதுவாத்தியம்) சுருதி இறங்கிவிடும். எடுத்துச் சத்தமின்றி ஊதிச் சூடாக்கப் பத்து விநாடியாவது விட்டு எழுதுங்கள்.

இத்தகைய ஆக்கம் இங்கு மேடையேறினால், வசனத்தை முந்திய ஞாயிறு தங்கள் கலைப்பக்கத்தில் அச்சிட்டு உதவ வேண்டுகிறேன்.

இசை ஆர்வலர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06