நான்கு கோடி இலக்கமா, பத்து இலக்கமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

2024 ஒக்ரோபரில் அறிவிக்கப்பட்ட, 41,024,320 இலக்கங்களைக் கொண்ட மாபெரும் முதன்மை எண்ணை, அதாவது ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்ணைப் பற்றித் தங்கள் மாணவர் பக்கத்தில் வெளியான குறிப்பைப் படித்தேன். தகவலில் பிழையில்லை. ஆனால், 2இன் 136,279,841ஆம் வலுவிலிருந்து (அடுக்கிலிருந்து) ஒன்றைக் கழித்துப் பெறும் அந்த எண்ணை வைத்துக்கொண்டு, சாதாரண தர மாணவர் ஒருவர் வியந்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவதைத் தவிர வேறென்ன செய்ய இயலும்?

அதற்குப் பதிலாக, பத்தே இலக்கங்களுள்ள 4,294,967,297 என்ற எண்ணைத் தந்திருக்கலாம். 2இன் 1, 2, 4, 8, 16ஆம் வலுக்கள் ஒவ்வொன்றுடனும் ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65,537 என்பன கிடைக்கின்றன. ஐந்தும் முதன்மை எண்கள். இவ்வாறு வருவன யாவும் முதன்மை எண்களே என்று 17ஆம் நூற்றாண்டில் பிரான்சியக் கணிதவியலாளர் பெர்மா நம்பினார். அடுத்ததாக, 32ஆம் வலுவுடன் ஒன்றைக் கூட்டும்போது வருவதுதான் நான் குறிப்பிட்ட எண். அது 641, 6,700,417 ஆகிய இரண்டின் பெருக்கம் என்று 1732இல் சுவிற்சர்லாந்துக் கணிதவியலாளர் ஆய்லர் காட்டியதும் அந்த நம்பிக்கை பொய்த்தது. 65,537இற்கு மேல் இவ்வரிசையில் ஒரு முதன்மை எண்கூட இன்றுவரை அகப்படவில்லை.

641ஐத் தேடிப் பிடிப்பதும் அவ்வளவு கடினமன்று. இவ்வெண்ணின் எந்த முதன்மைக் காரணியையும் 64ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும் என்றொரு விதி உண்டு. அதற்கு அமைவான முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641 என்று செல்வதால், ஐந்தாவது வகுத்தலிலேயே விடை வந்துவிடுகிறது.

வகுத்துப் பாராமலே சரிபார்க்கவும் வழியுண்டு. எனக்குப் பிடித்தது அதுவே. 641 என்பது 5 × 128 + 1. அதுவே 625 + 16 உம் ஆகும். 5 × 128 என்பது 641இலும் ஒன்று குறைவு; எனவே 641ஆல் வகுக்கையில் அதன் மீதியை −1 எனக் கொள்ளலாம். அதன் நான்காம் வலுவான, 625ஐ 2இன் 28ஆம் வலுவால் பெருக்கிவரும் எண்ணின் மீதி 1 ஆகும். 625 என்பது 641இலும் 16 குறைவு என்பதால் இங்கு 625இற்குப் பதிலாக −16ஐ இடலாம்; 16 என்பது 2இன் 4ஆம் வலு ஆகையால், 2இன் 32ஆம் வலுவின் மீதி −1 என்றாகிறது. ஒன்றைக் கூட்டினால் மீதி பூச்சியம். கணிகருவி தேவையில்லை.

நாலைந்து உதாரணங்கள் சரிவந்தால் சூத்திரமும் சரியென்று எழுதிவிட்டுப் போகும் பழக்கம் இப்போது ரியூசன் வகுப்புகளில் மலிந்துவிட்டது. ஐந்து உதாரணங்களை நம்பிய பெர்மாவின் கதையை அப்பிள்ளைகள் அவசியம் அறியவேண்டும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பகுதியில் மாணவர் பக்கத்தை வெட்டி வகுப்பறைச் சுவரில் ஒட்டிவைத்துப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பென்சிலுடன் உட்கார்ந்து செய்து பார்க்கக்கூடிய இத்தகைய எண்ணொன்றை, விடையுடன் மட்டுமன்றி வழியையும் சேர்த்து, வாரந்தோறும் பிரசுரிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
களுவாஞ்சிகுடி.