காரணம் சொல்லாத பன்னிரண்டு பேர்

லண்டன்
25 ஜனவரி 2026

அன்புள்ள அப்புக்காத்து,

இங்கே எல்லோரும் சுகம். அங்கேயும் அப்படியே என்று நம்புகிறேன். மருமகளின் கலியாணப் படங்கள் கிடைத்தன. பட்டு வேட்டியில் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு நீ நிற்கும் படத்தை மூக்கருக்கும் அனுப்பிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கார்த்திகையில் நீ தொலைபேசி எடுத்து, “கோடு கச்சேரி என்று அலைகிறாயாமே, யாருடைய காணியைப் பிடித்தாய்?” என்று கேட்டபோது நான் குளிரைப் பற்றிப் பேசி நழுவிவிட்டேன் என்று உனக்குக் கோபமாம். என் மீது வழக்கு எதுவும் இல்லை. என்னை ஜூரியாக, அதாவது எதிரி குற்றவாளியா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் பன்னிரண்டு பொதுமக்களில் ஒருவனாக, அழைத்திருந்தார்கள். வழக்கு நடக்கும் காலத்தில் அதைப் பற்றி வீட்டில்கூடப் பேசக்கூடாது என்பது நீதிபதி முதல் நாளே எங்களுக்கு இட்ட கட்டளை. இணையத்தில் தேடிப் பார்த்தால் அதுவே தனிக் குற்றம், இரண்டு ஆண்டு வரை சிறை. இப்போது வழக்கு முடிந்துவிட்டதால், திறந்த நீதிமன்றத்தில் எல்லோர் முன்னிலையிலும் நடந்ததை எழுதலாம். ஜூரி அறைக்குள் யார் என்ன சொன்னார்கள், எப்படி வாக்களித்தார்கள் என்பதைச் சாகும்வரை எவருக்கும் சொல்லக்கூடாது. ஆகவே இந்தக் கடிதத்தின் நடுவில் ஒரு பெரிய ஓட்டை இருக்கும். உன் குறுக்கு விசாரணைத் திறமையால் அதை நிரப்பப் பார்க்காதே.

எப்படி என்னைப் பிடித்தார்கள் என்று கேட்பாய். வாக்காளர் இடாப்பிலிருந்து கணினி எழுந்தமானமாகப் பெயர்களை எடுக்கிறது. பதினெட்டு வயதிலிருந்து எழுபத்தைந்து வரை, இந்த நாட்டில் ஐந்து ஆண்டாவது வாழ்ந்தவராக இருந்தால் போதும். பொதுநலவாய நாட்டுக் குடிமக்கள் இங்கே வாக்களிக்கலாம் என்பதால், இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டை வைத்திருக்கும் நம் மூக்கர்கூட நாளைக்கு ஒரு ஆங்கிலேயன் குற்றவாளியா இல்லையா என்று தீர்மானிக்கலாம். அந்த ஆங்கிலேயனை நினைத்தால் எனக்கு இரக்கமாக இருக்கிறது. படிப்பு, சொத்து, தொழில் எதையும் கேட்பதில்லை. 2004 வரை நீதிபதிகளும் சட்டத்தரணிகளும் ஜூரியில் உட்கார முடியாதாம்; இப்போது அந்த விலக்கும் இல்லை. நீ இங்கே குடியேறியிருந்தால் உன்னையும் பிடித்து உட்கார்த்தியிருப்பார்கள், நீயும் வாயை மூடிக்கொண்டு மற்றவர் வாதாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்திருப்பாய். அந்தக் காட்சிக்காகவாவது நீ வந்திருக்கலாம்.

முதலில் காத்திருப்புத்தான். பெரிய மண்டபம், கிழிந்த சஞ்சிகைகள், துண்டு குறைந்த படப்புதிர்ப் பெட்டிகள், சத்தம் குறைக்கப்பட்ட தொலைக்காட்சி. பெயர் கூப்பிட்டால் ஒரு கூட்டமாக நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அங்கே எழுதுவினைஞர் பெயர் அட்டைகளைக் கலைத்துப் பன்னிரண்டை எடுக்கிறார். நியூ ஜெர்சியில் உன் மைத்துனரைக் கேள்விமேல் கேள்வி கேட்டு வீட்டுக்கு அனுப்பினார்களே, அந்த விளையாட்டு இங்கே இல்லை. சாட்சிகளின் பெயர்களை வாசித்து, யாரையாவது தெரியுமா என்று மட்டும் கேட்டார்கள். சத்தியம் செய்யும் நேரத்தில் நீதிமன்ற உதவியாளர் துணியில் சுற்றிய கீதையை எடுத்து நீட்டினார். மே தின ஊர்வலத்தில் செங்கொடி பிடித்தவன் கீதையில் கை வைத்தானா, வெறும் உறுதிமொழியோடு நின்றானா என்று நீ பந்தயம் கட்டுவாய். கை வைத்தேன். ஏன் என்று கேட்காதே. அம்மா எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருப்பதைப் போல ஒரு எண்ணம் வந்துவிட்டது.

வழக்கை அடையாளம் தெரியும்படி எழுத மாட்டேன். இரவு உணவுக் கடை வாசலில் இளைஞர்களுக்குள் கைகலப்பு, ஒருவனின் கழுத்தில் உடைந்த போத்தல் பட்டு ஆழமான வெட்டு. பையன் பிழைத்துவிட்டான். எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவனுக்கு, பத்தொன்பது வயது. குத்தியது அவனா, அவனைப் போலவே சாம்பல் நிற மேற்சட்டையும் தலைமூடியும் அணிந்திருந்த இன்னொருவனா என்பதே கேள்வி. எதிர்க்கடையின் கமராப் பதிவு ஒன்று இருந்தது. ஒலி இல்லை. படம் தொடர்ச்சியாக ஓடாமல் விட்டுவிட்டுத் தாவியது. அடிதடி தொடங்கி, சாம்பல் நிறம் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேரும் இடத்தில் ஒரு பேருந்து வந்து தரிப்பிடத்தில் நிற்கிறது. அது நகரும்போது ஒருவன் தரையில் கிடக்கிறான், மற்றவர்கள் நாலா பக்கமும் ஓடுகிறார்கள். அரசதரப்பு அந்தப் பதிவை மெதுவாக ஓட்டியது, பெரிதாக்கியது, நிறுத்தி நிறுத்திக் காட்டியது. பேருந்து ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வந்து நின்றது.

போத்தலின் கழுத்துப் பகுதியை முத்திரையிட்ட தெளிவான பையில் போட்டு எங்கள் வரிசையில் கைமாற்றினார்கள். சான்றுப் பொருளின் இலக்கம் எழுதிய அட்டைக்குக் கீழே, கடைக்காரர் ஒட்டிய விலைத்துண்டு கிழியாமல் இருந்தது. அதை வாங்கி அடுத்தவரிடம் கொடுக்கும்வரை எனக்கு இதெல்லாம் ஏதோ நாடகம் போலத்தான் இருந்தது. அதற்குப் பிறகு அப்படி இருக்கவில்லை.

நீதிபதி வயதான பெண்மணி. நல்ல ஆசிரியையாக இருந்திருப்பார். நாங்கள் எந்தெந்தக் கேள்விக்கு எந்த வரிசையில் விடை காண வேண்டும் என்று ஒரு தாளில் அச்சிட்டே தந்தார். குற்றம் செய்தான் என்பதில் நிச்சயம் இருந்தால் மட்டுமே குற்றவாளி என்று சொல்லலாம். செய்திருக்கக்கூடும், அனேகமாகச் செய்திருப்பான் என்ற அளவில் நின்றால் விடுவிக்க வேண்டும் என்று பொறுமையாக விளக்கினார். பிறகு எங்களைப் பிறரோடு பேசவிடாமல் காப்பதாக உதவியாளர் சத்தியம் செய்ய, நாங்கள் உள்ளே போனோம்.

ஓட்டை இங்கே வருகிறது. தாண்டிக்கொள்.

ஒருமித்த முடிவு வரவில்லை என்பது திறந்த மன்றத்தில் வெளிப்பட்ட செய்தியே. நீதிபதி எங்களை மீண்டும் அழைத்து, இனிப் பத்துப் பேராவது இணங்கிய தீர்ப்பையும் ஏற்பேன் என்றார். மீண்டும் உள்ளே, மீண்டும் வெளியே. எங்கள் தலைவர் எழுந்து நின்று, குற்றவாளி அல்ல என்றார். இந்த இடத்தில் இந்த நாட்டு நடைமுறை ஒன்றைக் கவனி. பெரும்பான்மைத் தீர்ப்பில் குற்றவாளி என்று சொன்னால், எத்தனை பேர் ஆதரவு, எத்தனை பேர் எதிர்ப்பு என்று மன்றில் கேட்பார்கள். குற்றவாளி அல்ல என்றால் அதையும் கேட்பதில்லை. ஆகவே உனக்கு மட்டுமல்ல, அங்கிருந்த எவருக்கும் நான் எந்தப் பக்கம் நின்றேன் என்பது தெரியாது, தெரியவும் கூடாது. கண்ணாடிக் கூண்டுக்குள் அந்தப் பையன் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். வெட்டுப்பட்டவனின் தாய் பார்வையாளர் பகுதியில் இருந்தார். அவர் கத்தவில்லை, அழவில்லை. எங்களைப் பார்த்து, தன் நாட்டு உச்சரிப்பில், மெதுவாக, “ஏன்?” என்று மட்டும் கேட்டார். உதவியாளர் எங்களைப் பக்கக் கதவால் வெளியே அனுப்பினார்.

அப்புக்காத்து, நான் எழுத வந்தது இதைத்தான். அந்தக் கேள்விக்கு எங்களிடம் விடை இருந்தது. நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு அட்டை இழுத்து முடிவு செய்யவில்லை. ஆனால் அந்த விடையை அவருக்குச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. எழுதித் தரவும் சட்டம் கேட்கவில்லை. இரண்டு சொற்கள், அவ்வளவுதான்.

2016 மார்கழியில் ரவிராஜ் கொலை வழக்கின் தீர்ப்பு நள்ளிரவு தாண்டி வந்தபோது நீ என்னை நித்திரையிலிருந்து எழுப்பிப் பேசியது நினைவிருக்கிறதா? 2006 நவம்பரில் கொழும்பில் பட்டப்பகலில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினரைச் சுட்டுக் கொன்றார்கள். பத்து ஆண்டு கழித்து, எதிரிகள் கேட்டபடி அமைந்த சிங்களம் பேசும் ஜூரி, ஐந்து எதிரிகளையும் விடுவித்தது. அதே ஆண்டு ஜூலையில் குமாரபுரம். 1996 இல் இருபதுக்கும் மேற்பட்ட கிராம மக்கள் கொல்லப்பட்ட வழக்கு, திருகோணமலையிலிருந்து அநுராதபுரத்துக்கு மாற்றப்பட்டு, ஆறு இராணுவத்தினரும் ஜூரித் தீர்ப்பால் வெளியே வந்தார்கள். ஜூரியில் ஏழு பேர், அதில் ஐந்து பேர் இணங்கினால் போதும், காரணம் எழுத வேண்டியதில்லை என்று நீ அன்று பொரிந்து தள்ளினாய். தோற்றவன் மேன்முறையீட்டில் எந்தக் காரணத்தைப் பிடித்துக் கிழிப்பது என்று கேட்டாய். நானும் ஆமாம் போட்டேன். இப்போது அந்த மௌனத்தின் மறுபக்கத்தில் நானே இருந்துவிட்டு வந்திருக்கிறேன்.

இரண்டையும் சமமாக்குகிறேன் என்று நினைத்துவிடாதே. இங்கே ஜூரியின் இனம், மொழி எதையும் எதிரி தெரிவு செய்ய முடியாது. எங்கள் பன்னிரண்டு பேரில் எத்தனை நாட்டார் இருந்தார்கள் என்று எண்ணவே நேரம் எடுக்கும். ஆனாலும் அந்தத் தாய்க்கு அது தெரியுமா? ரவிராஜின் மனைவிக்கும் குமாரபுரத்து மக்களுக்கும் கிடைத்ததும் இவருக்குக் கிடைத்ததும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வடிவம். நேர்மையான ஜூரியையும் நேர்மையற்ற ஜூரியையும் பிரித்துக் காட்டும் ஒரே சான்று உள்ளே கிடக்கிறது, அந்தக் கதவுக்கு நாங்களே பூட்டுப் போட்டு வைத்திருக்கிறோம்.

பூட்டு ஏன் வந்தது என்பதும் எனக்குத் தெரியும், அதனால்தான் மனம் ஒரு பக்கமாகச் சாய மறுக்கிறது. லண்டனின் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் 1670 ஆம் ஆண்டு ஜூரிமாருக்கு ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. தெருவில் சமயம் பேசிய, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த இருவரைத் தண்டிக்க மறுத்தார்கள் என்பதற்காக அவர்களை உணவும் நெருப்பும் இல்லாமல் பூட்டி வைத்து, பிறகு அபராதமும் போட்டுச் சிறைக்கும் அனுப்பினார்கள். தீர்ப்புக்காக ஜூரியைத் தண்டிக்க முடியாது என்ற விதி அந்த வழக்கிலிருந்து பிறந்தது. காரணம் சொல்ல வேண்டியவனைக் காரணத்துக்காகவே உதைக்கலாம்; சொல்லாதவனை ஒன்றும் செய்ய முடியாது. யாழ்ப்பாணத்தில் ஒரு ஜூரி 1990களில் தன் காரணத்தைப் பெயரோடு எழுதியிருந்தால் அடுத்த நாள் காலையில் எங்கே கிடந்திருப்பார் என்பதை நான் உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

நீ உடனே, மூன்று நீதிபதிகள் இருந்து எழுதும் தீர்ப்பே மேல் என்று மிருசுவிலைக் காட்டுவாய். காட்டு. 2000 ஆம் ஆண்டு மார்கழியில் பிள்ளைகள் உட்பட எட்டுப் பேரைக் கொன்ற வழக்கில், கொழும்பில் ஜூரி இல்லாமல் விசாரித்து, 2015 இல் காரணம் காரணமாக எழுதி ஒருவருக்கு மரண தண்டனை விதித்தார்கள். 2019 இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி ஒரு கையெழுத்தில் அவரை வெளியே விட்டார். எழுதிய பக்கங்கள் ஒரு மன்னிப்பைக்கூடத் தடுக்கவில்லையே என்று நான் கேட்டால், குறைந்தது உலகம் அந்தப் பக்கங்களை வாசிக்கலாம் என்று நீ சொல்வாய். அது நல்ல பதில். அதை நான் இப்போது மறுக்கவில்லை.

உன் ஐயா விளக்கு வைத்த பிறகு முற்றத்தில் சொல்லும் பாடகர் தியாகராஜ பாகவதரின் கதையையும் நினைத்துப் பார்த்தேன். 1945 இல் சென்னையில், லட்சுமிகாந்தன் கொலை வழக்கில், ஜூரிமாரின் பெரும்பான்மை அவரையும் கலைவாணரையும் உள்ளே தள்ளியது. 1947 இல் மேல்முறையீட்டில் வெளியே வந்தார்கள். “ஜூரிக்கு இசைஞானம் இல்லை” என்று முடித்துவிட்டு ஐயா பாடத் தொடங்கிவிடுவார், நாங்கள் ஓட இடம் தேடுவோம்.

இப்போது இங்கேயும் ஜூரிக்கு ஆட்டம் காண்கிறது. கடுமையான குற்ற வழக்குகளை விசாரிக்கும் கிரவுன் கோர்ட்டுகளில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் தேங்கிக் கிடக்கின்றன. மூன்று ஆண்டு அல்லது அதற்குக் குறைந்த தண்டனை கிடைக்கக்கூடிய வழக்குகளை நீதிபதி தனித்து விசாரிக்கட்டும் என்று நீதி அமைச்சர் டேவிட் லாமி 2025 டிசம்பர் தொடக்கத்தில் அறிவித்தார். சட்டத்தரணிகள் கொதிக்கிறார்கள். நீதிபதி தனித்து முடிவெடுத்தால் காரணம் எழுதுவார், அந்தத் தாய்க்கு வாசிக்க ஏதோ கிடைக்கும் என்று ஒரு மனம் சொல்கிறது. பேருந்துக்குப் பின்னால் என்ன நடந்திருக்கும் என்பதைப் பன்னிரண்டு சோடிக் கண்களால் பார்த்தது போல ஒரு சோடிக் கண் பார்த்திருக்குமா என்று இன்னொரு மனம் கேட்கிறது. மேலே எழுதினால் ஓட்டைக்குள் விழுவேன்.

ஸ்பெயினில் ஒரு நடுவழி இருக்கிறது. 1995 ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே ஒன்பது பேர் கொண்ட ஜூரி, எந்தெந்தச் சான்றை நம்பி எந்த முடிவுக்கு வந்தோம் என்பதைச் சுருக்கமாக எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த உறுப்பினர் என்ன பேசினார் என்பது வெளியே வராது, காரணம் மட்டும் வரும். எனக்கு அது போதும். ஒரு பக்கத் தாள். எங்கள் நீதிபதி அச்சிட்டுத் தந்த கேள்விகளுக்குக் கீழே விடைகளை எழுதி, அதைப் பெயர் போடாமல் மன்றில் வாசித்திருந்தால், அந்தத் தாய் எங்களைத் திட்டியிருப்பார், ஆனால் எதற்காகத் திட்டுகிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். நம் ஊர் ஏழு பேரும் அப்படி எழுத வேண்டியிருந்திருந்தால், நள்ளிரவில் அவர்கள் என்ன எழுதியிருப்பார்கள் என்பதையும் நாம் வாசித்திருப்போம்.

இதில் சட்ட ரீதியாக எங்கே பிழை என்று எனக்கு எழுது. எழுத்தில் எழுது, குரல் பதிவு வேண்டாம். உன் குரல் பதிவுகள் எல்லாம் இருமி முடிந்து, கோழி கூவி, தேநீர் வந்த பிறகுதான் விஷயத்துக்கு வருகின்றன. இன்னொன்றும் கேட்க வேண்டும். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி தன் முடிவுரையில் எங்களை ஒவ்வொருவராக, அவசரமில்லாமல் பார்த்துக்கொண்டே பேசினார். நீ ஜூரிக்கு முன்னால் வாதாடிய வழக்குகளில் அப்படி முகங்களை வாசித்திருக்கிறாயா, வாசித்தது சரியாக வந்ததா? பங்குனியில் நாங்கள் வருகிறோம். அதற்கு முன் பதில் வராவிட்டால் உன் திண்ணையில் வைத்து நேரடியாகவே விசாரிப்பேன்.

அன்புடன்,
நெடுவல்