பேட்சை எழுதியவர் பெயரிலேயே ஏற்றுங்கள்: பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பராமரிப்பாளர்களுக்கு,

வணக்கம். திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்ததை, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிக்கோடு முறைக்கு மாற்றும் உங்கள் நிரலை நாங்கள் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறோம். என் சனிக்கிழமை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் முதன்முதலாகத் திறந்து வாசிக்கும் மூலநிரலும் அதுதான். சம்பளம் வாங்காமல் இரவு நேரத்தில் அதைக் கட்டிக் காப்பாற்றுகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த நன்றி இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

மே மாதம் நீங்கள் ஏற்றிய ளகர பேட்சை, அதாவது ள எழுத்து பிழையாக மாறுவதைத் திருத்தும் நிரல் மாற்றத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கு விளங்கும். அதை அனுப்பியவள் என் மாணவி. அந்த மாற்றத்தை நிரலின் வரலாற்றில் பதிந்த கமிட்டில் ஆக்கியவர் என்ற இடத்தில் உங்களில் ஒருவருடைய பெயர் இருக்கிறது. ஏற்றியவர் என்ற இடத்திலும் அதே பெயர். கமிட் செய்தியில் பிழை திருத்தப்பட்டது என்று ஒரே ஒரு வரி. அவள் பெயர் எங்கேயும் இல்லை. ஜூனில் அவளே மரியாதையாகக் கேட்டு எழுதினாள். பிழை திருந்தியதுதானே முக்கியம் என்று பதில் வந்தது. அந்தப் பதிலை வாசித்த பிறகுதான் நான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். பேட்சை எழுதியவர் பெயரிலேயே ஏற்றுங்கள்.

அந்தப் பேட்ச் எப்படி வந்தது என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவளுடைய ஊர்ச் சங்கத்தில் ஒரு பழைய கணினி இருக்கிறது. அதில் வெள்ள நிவாரணப் பட்டியல்கள், அங்கத்தவர் விபரங்கள், கூட்டக் குறிப்புகள் எல்லாம் பாமினியில் கிடந்தன. அவற்றை யூனிக்கோடுக்கு மாற்றித் தருகிறேன் என்று பொறுப்பெடுத்தாள். மாற்றினாள். பிறகு "நிலாவெளி" என்று தேடினால் ஒரு வரிகூட அகப்படவில்லை. கோப்பைத் திறந்து பார்த்தால் ஊர்ப் பெயர் "நிலாவௌி" என்று இருந்தது. வெள்ளைமணல் "வௌ்ளைமணல்" ஆகியிருந்தது. வெள்ளம் என்ற சொல்லே "வௌ்ளம்" ஆகியிருந்தது. கண்ணுக்கு ஓரளவு சரியாகத் தெரியும், ஆனால் தேடினால் கிடைக்காது. நிவாரணப் பட்டியலில் ஊரைத் தேடிக் கிடைக்காமல் போவது எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். பாமினியில் கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில் தட்டச்சு செய்வோம். முதலில் கொம்பு, பிறகு மெய், பிறகு மீதி. ஔகாரத்தின் வால் பகுதிக்கும் ளகரத்துக்கும் ஒரே விசைதான். கொம்பு, ஒரு மெய், அடுத்து ள வந்தால் அது ஔகாரம் என்று உங்கள் பழைய விதி முடிவு கட்டியது. மௌனத்துக்கும் கௌரவத்துக்கும் அது சரி. வெளிக்கும் தெளிவுக்கும் வெள்ளிக்கும் பிழை. அவள் செய்தது, ளகரத்துக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்த்தது. புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது ளகரம்தான். எதுவும் வராவிட்டால்தான் ஔகாரம் என்று எடுக்க வேண்டும். அப்படியும் "வெளக்கு" போலப் பேச்சு வழக்கில் எழுதிய சொற்கள் மாட்டிக்கொள்ளும் என்று கண்டுபிடித்து, விதிவிலக்குகளுக்குத் தனிப் பட்டியல் ஒன்று வைத்தாள்.

கார்த்திகை, மார்கழி மழையில் மின்சாரம் போய்ப் போய் வந்த இரவுகளில், கொப்பியில் சொற்களை எழுதி வைத்துவிட்டு வெளிச்சம் வந்ததும் தட்டச்சு செய்தாள். நீங்கள் சோதனைகள் கேட்டீர்கள், எழுதினாள். கமிட் செய்தி நீளம் என்றீர்கள், சுருக்கினாள். ஒரு பேட்சில் ஒரு மாற்றம்தான் இருக்க வேண்டும் என்றீர்கள், இரண்டாகப் பிரித்தாள். மூன்றாவது முறை அனுப்பியதைத்தான் ஏற்றினீர்கள். அந்தக் கண்டிப்பில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவள் நிறையப் படித்துக்கொண்டாள்.

அப்புறம் ஜூலையில் கொழும்பில் ஒரு நேர்முகப் பரீட்சை. எங்கள் ஊரில் மென்பொருள் வேலை தேடும் பிள்ளைகள் பெரும்பாலும் இரவு பஸ்ஸில்தான் ஏறுவார்கள். விடியற்காலையில் இறங்கி, எங்கேயாவது முகம் கழுவி, உடுப்பு மாற்றி, கம்பனி வாசலில் போய் நிற்க வேண்டும். இவளும் அப்படித்தான் போனாள். தன் விபரக்கோவையில் உங்கள் திட்டத்தின் பெயரை எழுதி, ளகரக் குழப்பத்தைத் தீர்த்தது நான் என்று ஒரு வரி போட்டிருந்தாள். நேர்முகம் செய்தவர் நல்ல மனிதர், உண்மையாகவே ஆர்வப்பட்டு மடிக்கணினியில் உங்கள் நிரலும் அதன் வரலாறும் இருக்கும் களஞ்சியத்தைத் திறந்திருக்கிறார். அவள் பெயரைப் போட்டுத் தேடினார். ஒன்றும் வரவில்லை. அவளே கோப்பைக் காட்டி, வரியையும் காட்டினாள். அவர், நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற மென்பொருளில், ஒரு வரியை யார் எழுதினார் என்று காட்டும் பிளேம் கட்டளையை அந்த வரிக்குக் கொடுத்தார். வேறொருவருடைய பெயர் வந்தது. அவள் போனை எடுத்து, தான் அனுப்பிய மின்னஞ்சலைத் தேடிக் காட்டினாள். அவர் பார்த்தார். சரி என்றார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

"பொய் சொல்லிப் பிடிபட்ட மாதிரி இருந்தது டீச்சர்" என்றாள் திரும்பி வந்து.

அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. அதற்கு நூறு காரணம் இருக்கலாம், அந்தப் பழியை உங்கள் மேல் போட மாட்டேன். ஆனால் தான் எழுதிய வரிக்கு முன்னால் அவள் பொய்க்காரியைப் போல உட்கார்ந்திருந்தாளே, அது நீங்கள் கொடுத்த ஒரு கட்டளையால் வந்தது. அதை என்னால் மறக்க முடியவில்லை.

கட்டளை என்று சொன்னதை விளக்க வேண்டும், ஏனென்றால் என் வகுப்புப் பிள்ளைகளும் இதை வாசிப்பார்கள். கிட் ஒவ்வொரு கமிட்டிலும் இரண்டு பெயர்களைத் தனித்தனியாக எழுதி வைக்கிறது. ஆக்கியவர் ஒருவர், ஏற்றியவர் ஒருவர். லினக்ஸ் இயங்குதளத்தின் கருவை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதிய முதல் கிட்டிலேயே இந்த இரண்டும் இருந்தன. அவருக்கு அது தேவைப்பட்டது. லினக்ஸ் கருவுக்கான மாற்றங்கள் மின்னஞ்சலில் பேட்சாக வரும், எழுதுபவர் ஓரிடத்தில் இருப்பார், ஏற்றுபவர் வேறிடத்தில் இருப்பார். உங்கள் திட்டம் நடப்பதும் அதே முறையில்தான். மாற்றத்தை மின்னஞ்சலாக்கும் கிட் ஃபார்மேட்-பேட்ச் கட்டளை கொண்டு என் மாணவி செய்த கோப்பில் அவள் பெயர், முகவரி, திகதி, செய்தி எல்லாம் ஒழுங்காக இருந்தன. அந்த மின்னஞ்சலை அப்படியே கிட் ஏஎம் கட்டளைக்குக் கொடுத்திருந்தால், ஆக்கியவர் இடத்தில் அவளும் ஏற்றியவர் இடத்தில் நீங்களும் தானாகவே வந்திருப்பீர்கள். கிட் அப்ளை கொடுத்தால் கோப்புகள் மட்டும்தான் மாறும், பெயரும் செய்தியும் அங்கேயே உதிர்ந்துவிடும். பிறகு யார் கமிட் கொடுக்கிறாரோ, இரண்டு இடத்திலும் அவர் பெயர்தான் விழும். நீங்கள் செய்தது இரண்டாவது.

பேட்ச் சுத்தமாகப் பொருந்தவில்லை, அதனால் கையால் ஏற்றினோம் என்று ஜூன் பதிலில் ஒரு வரி இருந்தது. அது நடக்கக்கூடியதுதான். ஆனால் அதற்கும் கிட்டில் வழி இருக்கிறது. ஏஎம் கட்டளையோடு மூன்று (-3) என்ற தெரிவைச் சேர்த்தால், பேட்சில் உள்ள அடையாள எண்களை வைத்து மூலக்கோப்பைக் கண்டுபிடித்து மும்முனை இணைப்புக்கு, அதாவது மூலக்கோப்பு, உங்கள் கோப்பு, பேட்ச் மூன்றையும் ஒப்பிட்டுச் சேர்க்க முயலும். அதுவும் சரிவராமல் நீங்கள் கையால்தான் ஏற்றினீர்கள் என்றாலும், கமிட் கொடுக்கும்போது ஆக்கியவர் யார் என்று ஒரு தெரிவில் சொல்லிவிடலாம். மாறியின் பெயர்களைத் திருத்தினோம் என்றும் எழுதியிருந்தீர்கள். திருத்துங்கள், அது உங்கள் உரிமை. ஏற்றிய கமிட்டை அமெண்ட் செய்தாலும், அதாவது திருத்தி மீண்டும் பதிந்தாலும், ஆக்கியவர் பெயர் அப்படியே நிற்கும், நீங்களாக மாற்றச் சொன்னால் ஒழிய. கமிட்டை வேறிடத்தில் மீண்டும் பதியும் ரீபேஸ், செரி-பிக் கட்டளைகளைக் கொடுத்தாலும் நிற்கும். லினக்ஸ் கருவில் பராமரிப்பாளர் எதையாவது மாற்றினால், தன் பெயரையும் என்ன மாற்றினேன் என்பதையும் சதுர அடைப்புக்குள் ஒரு வரியாக எழுதிவிட்டுத் மாற்றம் முறையான வழியில் வந்தது என்று உறுதி சொல்லும் தன் ஒப்புதல் வரியைப் போடுவார். எழுதியவர் பெயர் மேலே அப்படியே இருக்கும். பாதிக்குப் பாதி நீங்கள் எழுதினீர்கள் என்றால் இணை ஆக்கியவர் என்று இன்னொரு வரி சேர்க்கலாம்.

உங்களில் மூத்தவர்கள் கிட்டுக்கு முந்திய சிவிஎஸ், சப்வேர்ஷன் என்ற கருவிகளின் காலத்திலிருந்து வருகிறீர்கள். அங்கே ஒரு மாற்றத்துக்கு ஒரு பெயர்தான், அதுவும் ஏற்றியவருடையது. அந்தப் பழக்கம் கையில் ஒட்டியிருப்பது எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்தக் காலத்திலும் நல்ல திட்டங்களில் பேட்ச் தந்தவர் இன்னார் என்று செய்தியில் எழுதினார்கள். போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற தரவுத்தளத் திட்டத்தில் கிட்டுக்கு வந்த பிறகும் கமிட் ஏற்றுபவர் பெயரில் போகும் வழக்கம் இருந்தது. ஆனால் ஆக்கியவர் இன்னார், பார்வையிட்டவர் இன்னார் என்று செய்தியின் கீழே தனித்தனி வரிகள் இருக்கும். உங்கள் வரலாற்றில் இரண்டு இடத்திலும் ஒன்றும் இல்லை.

இது பெயருக்கு ஆசைப்படும் பேச்சு என்று யாராவது நினைத்தால், உரிமத்தை எடுத்துப் பாருங்கள். உங்கள் திட்டம் ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் இருக்கிறது. பங்களிப்பவர் தன் பதிப்புரிமையை உங்களுக்கு எழுதித் தருவதில்லை, அந்த வரிகள் இன்றும் அவளுடையவை. நாளைக்கு இந்த நிரல் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், உங்கள் வரலாறு தவறான ஆளைக் காட்டும். தங்கள் நிரலை லினக்ஸில் சேர்த்துவிட்டார்கள் என்று 2003இல் எஸ்சிஓ என்ற நிறுவனம் ஐபிஎம் மேல் வழக்குப் போட்ட பிறகுதான், ஒவ்வொரு வரியும் எந்த வழியாக வந்தது என்று தெரிய வேண்டும் என்று 2004இல் லினக்ஸில் ஒப்புதல் வரியைக் கட்டாயமாக்கினார்கள். நீங்களும் அந்த ஒப்புதல் வரியைக் கேட்கிறீர்கள். அவளும் போட்டு அனுப்பினாள். நீங்கள் ஏற்றியபோது அதுவும் போய்விட்டது.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தமிழில் தன்னார்வமாகச் செய்யும் கணினி வேலையில் இது புதிதல்ல. மொழிபெயர்ப்புக் கோப்புகளைத் திறந்து பாருங்கள். கடைசி மொழிபெயர்ப்பாளர் என்று தலைப்பில் ஒரு பெயர்தான் இருக்கும். மேலே உள்ள குறிப்பில் முன்னவர்களைச் சேர்க்க இடம் இருக்கிறது, ஆனால் சேர்ப்பவர் குறைவு. ஆறு மாதம் உட்கார்ந்து ஆயிரம் சரங்களை (மென்பொருள் வாசகங்களை) மொழிபெயர்த்த பிள்ளை போய்விடும், கடைசியாக மூட்டை கட்டி ஏற்றியவர் பெயர் நிற்கும். தமிழுக்குச் செய்கிறோம், பெயர் எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் பெயர் ஏற்கனவே இருக்கிறது. வேலையும் இருக்கிறது. மூதூரிலும் கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் இருந்து வரும் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஆட்கள் இல்லை, சிபாரிசு இல்லை. உலகத்தில் யாரும் திறந்து பார்க்கக்கூடிய ஒரு வரலாற்றில் தங்கள் பெயர் ஒரு வரியில் இருந்தால், அது அவர்களுக்கு ஒரு சான்றிதழ். அந்த நம்பிக்கையில்தான் நான் அவர்களைத் திறந்த மூலத்துக்குள் கூட்டிக்கொண்டு வந்தேன். சென்ற மாதம் ஒருவன் கேட்டான், "அனுப்பினால் எங்கட பெயர் வருமா டீச்சர்?" என்று. வரும் என்று சொல்ல வாய் வரவில்லை.

கோபத்தில் கொஞ்சம் தூரம் போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்ததைப் பணிவோடு கேட்கிறேன்.

இனி மின்னஞ்சலில் வரும் பேட்சுகளை எழுதியவர் பெயரிலேயே ஏற்றுங்கள். ஏஎம் கட்டளையால் ஏற்றுவதுதான் முறை என்று உங்கள் பங்களிப்பு வழிகாட்டியில் ஒரு வரி எழுதி வையுங்கள், புதிதாக வரும் பராமரிப்பாளருக்கும் அது உதவும். மே மாதக் கமிட்டை மாற்றி எழுதுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆக்கியவர் பெயரை மாற்றினால் அந்தக் கமிட்டின் அடையாள எண் மாறும், அதற்குப் பின் வந்த எல்லாவற்றின் எண்ணும் மாறும், களஞ்சியத்தை எடுத்து வைத்திருக்கும் எல்லோருக்கும் தொல்லை. கிட் நோட்ஸ் மூலம் பழைய கமிட்டைத் தொடாமலே குறிப்பு ஒட்டலாம். ஆனால் களஞ்சியத்தை நகலெடுப்பவர்களுக்கு அந்தக் குறிப்பு தானாகப் போகாது, அதனால் அது மட்டும் போதாது. ஆக்கியோர் கோப்பு ஒன்றைத் தொடங்கி, மே மாத ளகரத் திருத்தம் யாருடையது என்று அந்தக் கமிட்டின் எண்ணோடு எழுதுங்கள். அடுத்த வெளியீட்டுக் குறிப்பிலும் ஒரு வரி சேருங்கள். இப்படிப் பெயர் விடுபட்டவர்கள் வேறும் இருப்பார்கள். பழைய மின்னஞ்சல்களைப் பார்த்து அவர்களைக் கண்டுபிடிக்கும் வேலையை என் வகுப்பு செய்து தரும். மனதார நேரம் தருவோம்.

அவளிடம் இன்னொரு பேட்ச் இருக்கிறது. ஸ்ரீ என்ற எழுத்தை ஸகரத்திலிருந்தும் எழுதலாம், 2005இல் யூனிக்கோடில் சேர்ந்த ஶகரத்திலிருந்தும் எழுதலாம். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், தேடலில் இரண்டும் வேறு. அதை ஒன்றாக்கும் திருத்தம் அது. சோதனைகளும் எழுதி முடித்துவிட்டாள். அனுப்பு என்று இரண்டு தடவை சொன்னேன். "பிறகு பார்ப்பம் டீச்சர்" என்கிறாள். உங்கள் பதில் வந்ததும் மூன்றாவது தடவை சொல்லலாம் என்று காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மரியாதையுடன்,
திருகோணமலையில் சனிக்கிழமைகளில் நிரலாக்கம் கற்பிக்கும் ஓர் ஆசிரியை