வைசியாள் வீதியில் பார்த்தது

அன்புள்ள மலருக்கு,

நானும் அம்மாவும் புதுச்சேரி போய்விட்டு வந்தோம். போனில் அவசரமாகச் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

முதலில் எல்லாரையும் போலக் கடற்கரைப் பக்கம்தான். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரை அந்தச் சாலையில் வண்டி விடுவதில்லை. ஹாரன் சத்தம் இல்லாமல் நடுரோட்டில் நடப்பதே அம்மாவுக்குப் பெரிய சந்தோஷம். மேரி என்கிற பழைய நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததே, அதை உலக வங்கி நிதியில் பழைய தோற்றத்திலேயே கட்டி 2021இல் திறந்துவிட்டார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நூறு வருஷத்துக்கு மேல் நின்ற கட்டடத்தை விழவிட்டுவிட்டு அப்புறம் புதிதாகக் கட்டுவதைவிட, ஒழுக ஆரம்பித்தபோதே கூரையைப் பார்த்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்குப் போகவில்லை.

பிரெஞ்சுத் தெருக்களில் மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் பார்க்கக் கண் நிறைகிறது, தெருவும் சுத்தம். ஆனால் வீட்டுக்கு வீடு ஓட்டல் பலகையோ காபிக் கடைப் பலகையோ தொங்குகிறது, வாசலில் போட்டோ எடுக்கிற கூட்டம், குடியிருக்கிற மனிதர்களைத் தேட வேண்டியிருந்தது.

நான் சொல்ல வந்தது ஊரை இரண்டாகப் பிரிக்கிற பெரிய வாய்க்காலுக்கு மேற்கே இருக்கிற தமிழர் பகுதியைப் பற்றி. அங்கே வைசியாள் வீதி என்று ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், 2000களின் தொடக்கத்தில், பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கிற இன்டாக் அமைப்பு அந்தத் தெருவின் வீட்டு முகப்புகளைச் சரிசெய்தது, வீட்டுக்காரர்களும் செலவில் ஒரு பங்கைப் போட்டார்கள். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது. எனக்கு விருதைவிடப் பெரிதாகப் பட்டது அந்தத் தாழ்வாரம். வீட்டுச் சுவரை ஒட்டித் திண்ணை, திண்ணைக்கு மேல் ஒரு கூரை, அதற்கும் முன்னால் தெருவை நோக்கிச் சரிந்து மரத்தூண்களில் நிற்கிற ஓட்டுக்கூரை. திண்ணை வீட்டுக்காரருக்கும் வந்து போகிறவர்களுக்கும், தாழ்வாரம் தெருவில் போகிற யாருக்கும். வெயிலில் வந்த நாங்கள் யாரையும் கேட்காமல் அதன் கீழே ஒதுங்கி நின்றோம், யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. பல வீடுகளில் கீழ்த்தளம் இப்படித் தமிழ் வீடாக இருக்கிறது, மேல்மாடிக்குப் போனால் பிரெஞ்சு பாணி வளைவு ஜன்னலும் தூணும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடும் அதே மாதிரிதான் என்றார்கள். எல்லா வீடும் தப்பிக்கவில்லை, இரண்டு பழைய வீட்டுக்கு நடுவே தாழ்வாரத்தை வெட்டிவிட்டு எழுப்பிய கான்கிரீட் கட்டடம் வரும்போது நிழல் சட்டென்று அறுந்துபோகிறது.

ஒரு வீட்டு வாசலில் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது, அங்கேயே ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். பழைய சுவரில் முன்பு யாரோ சிமெண்ட் பூசியிருக்கிறார்கள், அது பட்டை பட்டையாக உப்புப் பூத்து உரிந்திருந்தது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டுவிடும், மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும் என்று மேஸ்திரி தட்டித் தட்டிக் காட்டினார். உளி வைத்தால் பொலபொலவென்று உள்செங்கல்லும் சேர்ந்து வந்தது. கையில் வாங்கிப் பார்த்தேன், மாவு மாதிரி நசுங்கியது.

உடனே நம் தாத்தா வீட்டுப் பின்கட்டுச் சுவர்தான் ஞாபகம் வந்தது, அங்கேயும் இதே உப்பு. சுவர் போய்விட்டது, இடித்துவிட்டு ஃபிளாட் கட்டிவிடலாம் என்று நீயும் தம்பியும் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை, நீங்கள் இருப்பது வெளியூர், பார்த்துக்கொள்ளும் பாரம் எங்களுக்கு. ஆனாலும் அது சுவரின் கோளாறா, அதன்மேல் பூசியதன் கோளாறா என்று பார்க்காமல் முடிவெடுக்க எனக்கு மனசு வரவில்லை. சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒருவரைக் கூட்டி வந்து அந்தச் சிமெண்டைக் கொஞ்சம் உடைத்துப் பார்க்கச் சொல்கிறேன், உத்தரத்தையும் காட்டுகிறேன். என்ன சொல்கிறார், எவ்வளவு ஆகும் என்று எழுதி அனுப்புகிறேன். அதுவரைக்கும் பில்டரிடம் வார்த்தை கொடுத்துவிடாதே. தம்பியிடமும் சொல்லிவை, நான் சொன்னால் கோபித்துக்கொள்வான்.

அன்புடன்,
அப்பா