அந்தத் தாயின் கதையையும் வெளியிடுங்கள்

மொழிபெயர்ப்பு நாவல்களை வெளியிடும் தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். இத்தாலிய அமெரிக்கக் குடும்பம் என்றதும் நம் வாசகர்களின் நினைவுக்கு வருவது கறுப்புக் கோட்டும் துப்பாக்கியும்தான். 1969-இல் வெளியான மரியோ பூசோவின் மாஃபியா நாவல் 'காட்ஃபாதர்' குத்திய முத்திரை அது. அந்த நாவலை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பூசோ தம் படைப்புகளில் மிகச் சிறந்ததாகக் கருதியது அதையல்ல, 1965-இல் வெளிவந்த 'ஃபார்ச்சுனேட் பில்கிரிம்' நாவலை. அதைத் தமிழில் வெளியிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

நியூயார்க்கின் பத்தாவது அவென்யூவில் நடக்கும் கதை. தெரு நடுவே சரக்கு ரயில் ஓடுகிறது. அதன் முன்னால் குதிரையேறிப் போய் ஜனங்களை ஒதுக்கிவிடுவது லாரி என்ற இளைஞனின் வேலை. அவன் தாய் லூசியா சாந்தா, இத்தாலியக் கிராமத்திலிருந்து வந்தவள். முதல் கணவன் இறந்துவிட்டான். இரண்டாமவன் மனநோய்க்கு ஆளாகிறான். ஆறு பிள்ளைகளையும் அவள்தான் கரையேற்ற வேண்டும்.

இது பெரும்பாலும் பூசோவின் சொந்த வீட்டுக் கதை. அவருக்குப் பன்னிரண்டு வயதானபோது தந்தை மனநல விடுதியில் சேர்க்கப்பட்டார். திரும்பி வந்தால் குடும்பம் தாங்காது என்று தாய் அவரை அங்கேயே விட்டுவிட்டார். எவ்வளவு கொடிய முடிவு! ஆனால் பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டியவருக்கு வேறு என்ன வழி இருந்தது? தம் நாவலின் மாஃபியாத் தலைவன் காட்ஃபாதர் வாய் திறந்தபோதெல்லாம் தம் காதில் ஒலித்தது அம்மாவின் குரல்தான் என்று பூசோவே பின்னாளில் எழுதினார். உலகமே அஞ்சி ரசித்த அந்த அதிகாரம், வாடகைக் குடியிருப்பில் பிள்ளை வளர்த்த ஒரு பெண்ணுடையது. விமர்சகர்கள் பாராட்டியும் அவள் கதை விற்கவில்லை. இருபதாயிரம் டாலர் கடனில் நின்ற மனிதர் அதன் பிறகுதான் மாஃபியா பக்கம் திரும்பினார்.

இன்னொன்றையும் கேட்கிறேன்: பியெத்ரோ தி தொனாத்தோவின் 'கிரைஸ்ட் இன் கான்கிரீட்' (1939). 1923 புனித வெள்ளியன்று கட்டடம் சரிந்து, கொத்தனாரான அவர் தந்தை கான்கிரீட்டுக்குள் புதையுண்டு இறந்தார். பள்ளிப் பருவத்திலேயே கரணையைக் கையில் எடுத்த மூத்த மகன் எழுதிய நாவல் இது. அமெரிக்க நகரங்களைக் கட்டி எழுப்பிய கைகள் இதில் தெரிகின்றன. மாஃபியா கதைகளில் அவை கண்ணில் படுவதே இல்லை.

விற்குமா என்ற உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. முன்பதிவுத் திட்டம் அறிவியுங்கள். நானும் சேர்ந்து, நண்பர்களையும் சேர்க்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: விற்பனைக்காக அட்டையில் துப்பாக்கி போட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
ஒரு வாசகன்