பெத் ஆல்ஃபா தரையை எனக்குக் காட்டியவர்களுக்கு

அன்பு வணக்கம்.

இஸ்ரேலின் கில்போவா மலையடிவாரத்தில், ஹெஃப்சிபா கிப்புட்சுக்குள், அதாவது ஒரு கூட்டுப் பண்ணைக் கிராமத்துக்குள், இருக்கிறது பெத் ஆல்ஃபா என்ற பழைய யூத ஜெப ஆலயம். 6-ஆம் நூற்றாண்டில் சின்னச் சின்ன வண்ணக் கற்களைப் பதித்துப் படங்களாகப் போட்ட அதன் மொசைக் தரையைப் பார்க்க வேண்டும் என்பது என் பல வருட ஆசை. இந்தப் பிப்ரவரியில் பார்த்துவிட்டேன். தனியாகப் போயிருந்தால் நாலு படம் எடுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் திரும்பியிருப்பேன். உங்களால்தான் அன்றைய பகல் முழுவதும் அங்கேயே இருந்தேன்.

தங்க இடமும் இரவில் சூடாகச் சோறும் கொடுத்த நண்பர் வீட்டாருக்கு முதல் நன்றி. அப்புறம், ஆறு மாதம் போனிலேயே எபிரேய எழுத்துகளைச் சொல்லித்தந்த அக்காவுக்கு. தரையின் நடுவில் நாலு குதிரை பூட்டிய தேரில் சூரியன். சுற்றிப் பன்னிரண்டு ராசிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் எபிரேயத்தில் பெயர். கும்பத்தின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தேன்: 'தெலி'. வாளி என்று பொருள். நமக்குக் குடம், இங்கே ஒருவர் கிணற்றில் வாளி விட்டு நீர் இறைக்கிறார். அக்கா, அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

காவலுக்கு இருந்த பெரியவருக்கு எப்படி நன்றி சொல்வது! பைபிள் கதையில் ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போகும் காட்சியில் நான் கத்தியையும், தடுக்க மேலிருந்து நீளும் கடவுளின் கையையுமே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஒன்றும் பேசாமல் கழுதையின் கழுத்தைச் சுட்டிக்காட்டினார். சின்ன மணி ஒன்று! கதைக்கு அது தேவையே இல்லை. கழுதையோடு பழகிய கைதான் அதைப் போட்டிருக்கும்.

அந்தக் கைகளுக்குப் பெயரும் உண்டு. வாசலருகே கிரேக்கத்தில் எழுதியிருக்கிறது: இந்த வேலையைச் செய்த மரியானோஸும் அவர் மகன் ஹனினாவும் நினைக்கப்படட்டும் என்று. பக்கத்தில் அரமேயம் என்ற பழைய மொழியில் இருக்கும் கல்வெட்டு, பேரரசர் ஜஸ்டின் காலத்தில் போட்ட தரை என்கிறது. ஆண்டு இருந்த இடம்தான் சிதைந்துவிட்டது. மிஞ்சிய வரிகளில் ஊரார் கொடுத்த காணிக்கையும் கோதுமையும் வருகின்றன. ஒரு கிராமமே சேர்ந்து போட்ட தரை அது.

1928 கடைசியில் தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டும்போது வண்ணக் கற்களைக் கண்டு கையை நிறுத்திய கிப்புட்ஸ்காரர்களையும், 1929-இல் அகழ்ந்தெடுத்த தொல்லியலாளர் சுகெனிக்கையும், அவருக்குத் துணையாகக் கூட நின்ற அவிகாதையும் இங்கே நன்றியோடு நினைக்கிறேன். வெட்டியவர்கள் அன்று 'சரி, போகட்டும்' என்று தொடர்ந்து வெட்டியிருந்தால் நமக்கு எதுவும் மிஞ்சியிருக்காது.

எரிகோ என்ற ஊரில் 1936-இல் வெளிப்பட்ட இன்னொரு ஜெப ஆலயத் தரையில், மொசைக் போட உழைத்த பெரியவர்களும் இளையவர்களும் நன்மைக்காக நினைக்கப்படட்டும் என்று அரமேயத்தில் இருக்கிறது. ஒரு பெயர்கூடக் கிடையாது. அவர்கள் பெயரும் பிள்ளைகளின் பெயரும் தெரிந்தவர் அவற்றை, வாழ்வு பெறுவோரின் பெயர்களைக் கடவுள் எழுதிவைக்கும் ஜீவ புத்தகத்தில் எழுதுவார் என்று கடவுளிடமே விட்டுவிட்டார்கள்.

கடைசி பஸ் போன பிறகு, மழையில் நின்ற என்னை வண்டியில் ஏற்றி அஃபூலா நகரில் இறக்கிவிட்ட அம்மா, உங்கள் பெயரைக் கேட்காமலே இறங்கிவிட்டேன். பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த உங்கள் பேரனுக்கும் என் அன்பு.